நனிசைவத்துக்கு மாறுவது எப்படி? சமையலறை முதல் துணி அலமாரி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இறைச்சியும் மீனும் சாப்பிடாதவரைச் சைவம் என்கிறோம். பால், முட்டை, தேன் இவற்றையும் விட்டு, தோல் செருப்பு, பட்டு, கம்பளி, விலங்குகள்மேல் சோதித்துப் பார்த்த சோப்பு என எதிலும் இன்னொரு உயிரின் வலி கலக்காமல் வாழ முயல்பவர்களுக்கு ஆங்கிலத்தில் வீகன் என்று பெயர். தமிழில் நனிசைவம் என்ற அழகான சொல் இருக்கிறது. வீகன் என்ற சொல் 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரோடு சேர்ந்த சிலரும் தனிச் சங்கம் தொடங்கியபோது உருவானது. அந்தச் சங்கம் பின்னாளில் வகுத்த வரையறையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பகுதி உண்டு: இயன்ற வரை, நடைமுறைக்கு ஒத்துவரும் வரை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

இறைச்சியை விடுவதற்கான காரணத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாலையும் முட்டையையும் ஏன் விட வேண்டும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. மாடு சும்மா பால் கொடுப்பதில்லை, கன்று ஈன்றால்தான் கொடுக்கும். பால் தொடர்ந்து வர வேண்டுமென்றால் அதைத் திரும்பத் திரும்பச் சினைப்படுத்த வேண்டும். பிறக்கும் காளைக் கன்றால் பண்ணைக்கு லாபம் இல்லை. கறவை வற்றிய தாய்க்கும் அங்கே இடமில்லை. முட்டைக் கோழி இனங்களில் பிறக்கும் சேவல் குஞ்சுகளின் நிலை இன்னும் மோசம். அவை முட்டையிடாது, கறிக்காக வளர்க்கவும் கட்டுப்படியாகாது. அதனால் பொரிந்த நாளிலேயே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி இதை 2022-ன் தொடக்கத்தில் சட்டம் போட்டுத் தடுத்தது. உலகின் பெரும்பகுதியில் இது இன்றும் வழக்கமான நடைமுறை.

சரி, மாறத்தான் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். எங்கிருந்து தொடங்குவது?

முதல் படி: எதையும் தூக்கி எறியாதீர்கள்

ஆர்வத்தில் பலர் செய்யும் தவறு, ஒரே நாளில் சமையலறையையும் அலமாரியையும் காலி செய்வது. அதனால் ஒரு விலங்கும் பிழைக்கப் போவதில்லை. உங்கள் பணம்தான் வீணாகும், மூன்றாவது வாரம் சலிப்பும் வரும். நான் பின்பற்றிய விதி ஒன்றுதான்: ஒரு பொருள் தீரும்போது, அதன் இடத்துக்கு வரும் அடுத்த பொருளை மாற்ற வேண்டும். வெண்ணெய் தீர்ந்தால் தாவர எண்ணெயில் செய்த ஸ்ப்ரெட். ஷாம்பு தீர்ந்தால் சோதனையற்ற ஷாம்பு. ஷூ கிழிந்தால் தோல் இல்லாத ஷூ. உணவு சில வாரங்களில் மாறிவிடும், குளியலறை சில மாதங்களில் மாறும், அலமாரிக்கு ஓரிரு வருடங்கள் ஆகும். ஆகட்டும்.

அதற்கு முன் இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் நீங்கள் சாப்பிடுவதை எல்லாம் எழுதுங்கள். எந்த மாற்றமும் செய்ய வேண்டாம், எழுதினால் மட்டும் போதும். பிறகு படித்துப் பார்த்தால், நீங்கள் திரும்பத் திரும்பச் சாப்பிடுபவை பத்துப் பன்னிரண்டு வகைதான் என்று தெரியும். அவற்றில் மூன்று நான்கு ஏற்கெனவே நனிசைவமாக இருக்கும், இன்னும் மூன்று நான்கில் ஒரே ஒரு பொருளை மாற்றினால் போதும். முதல் மாதச் சமையலுக்கு இவையே போதுமானவை.

இரண்டாம் படி: தட்டில் இருந்து எடுத்ததற்கு ஈடாக ஒன்றை வையுங்கள்

இறைச்சியை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் சோற்றையும் காய்கறியையும் மட்டும் சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் பசிக்கும். பிறகு "இந்த உணவு எனக்கு ஒத்துவரவில்லை" என்று தோன்றும். உண்மையில் ஒத்துவராமல் போனது கணக்குதான். பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. 60 கிலோ எடை என்றால் 48 கிராம். ஒரு கப் வெந்த பருப்பில் ஏறக்குறைய 18 கிராம் இருக்கிறது. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். சோயா பாலை உறையவைத்துச் செய்யும் டோஃபுவில் கெட்டியான வகை 100 கிராம் எடுத்தால் 10 கிராமுக்கு மேல். உலர்ந்த சோயா உருண்டையில் பாதி எடை புரதம்தான். ஆக ஒவ்வொரு வேளையும் பருப்பு, பயறு, கடலை, சோயா இவற்றில் ஏதாவது ஒன்று தட்டில் இருக்க வேண்டும். தானியத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பு வகைகளில் நிறைய இருக்கிறது. அதனால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஒரே வேளையில் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும் என்பதில்லை, ஒரே நாளில் இரண்டும் உள்ளே போனால் போதும்.

டோஃபுவை முதல்முறை சமைப்பவர்கள் பெரும்பாலும் வெறுத்துவிடுகிறார்கள். பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே குழம்பில் போட்டால் அது ஈரப் பஞ்சு மாதிரிதான் இருக்கும். முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறையும்போது உள்ளிருக்கும் நீர் பனித்துகள்களாகி, டோஃபு முழுக்கச் சிறு துளைகளை உண்டாக்கும். மறுநாள் உருக வைத்து, இரு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். மஞ்சள் நிற நீர் ஒரு கிண்ணம் அளவுக்கு வடியும். இப்போது பிய்த்துப் பார்த்தால் நார் நாராக வரும். அதை மசாலாவில் பிரட்டினால் துளைகளுக்குள் சாறு ஏறிவிடும். மேலே கொஞ்சம் சோள மாவு தூவி, எண்ணெய் காய்ந்த பிறகு போட்டு, ஒரு பக்கம் பொன்னிறமாகும் வரை கிளறாமல் விடுங்கள். இதை ஒருமுறை செய்துவிட்டால் டோஃபு மேல் இருந்த கோபம் போய்விடும்.

பாலுக்கு மாற்று நிறைய இருக்கிறது: சோயா, ஓட்ஸ், பாதாம், தேங்காய், அரிசி. புரதத்தில் பசும்பாலுக்கு அருகில் வருவது சோயா பால்தான். பாதாம் பாலிலும் அரிசிப் பாலிலும் புரதம் மிகக் குறைவு, ருசிக்காக வாங்கலாம். காபியில் ஊற்றினால் சோயா பால் திரிந்துபோகிறது என்பது பலரின் புகார். காபியில் உள்ள அமிலமும் சூடும் சேர்ந்து அதன் புரதத்தைத் திரியவைக்கின்றன. பாலை முதலில் சூடாக்கிக் கோப்பையில் ஊற்றி, கொதி அடங்கிய காபியை அதன்மேல் மெல்லிய தாரையாக விடுங்கள். பெரும்பாலும் திரியாது. காபிக்கென்றே விற்கும் வகைகளில் அமிலத்தைச் சமன்செய்யும் உப்பு சேர்த்திருப்பார்கள், அதுவும் உதவும்.

முட்டையைப் பொறுத்தவரை, அது அந்தப் பண்டத்தில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள். கேக்கிலும் பிஸ்கட்டிலும் மாவைச் சேர்த்துப் பிடிப்பதற்கு என்றால், ஒரு மேசைக்கரண்டி அரைத்த ஆளி விதையை மூன்று மேசைக்கரண்டி நீரில் கலந்து பத்து நிமிடம் விட்டால் கொழகொழவென்று ஆகும், அது ஒரு முட்டைக்குச் சமம். நுரைக்கு என்றால் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டி நீர். அதை அடித்தால் முட்டை வெள்ளைக்கரு போலவே நுரைத்து நிற்கும் என்று 2014-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஜோயல் ரோஸல் கண்டறிந்தார். அக்வாஃபாபா என்ற பெயர் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. நான் முதலில் நம்பவில்லை. எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டு, மின்சாரக் கடைவானால் ஏழெட்டு நிமிடம் அடித்தேன். பழுப்பு நிறத்தில் இருந்த அந்த நீர் வெள்ளையாக எழும்பி, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. முட்டைப் பொரியல் ருசிதான் வேண்டும் என்றால் உதிர்த்த டோஃபு, மஞ்சள், அப்புறம் ஒரு சிட்டிகை கறுப்பு உப்பு. அந்த உப்பில் இருக்கும் கந்தகம்தான் முட்டை வாசனையைத் தருகிறது. அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள், இல்லாவிட்டால் வாசனை பறந்துவிடும்.

இவை எல்லாவற்றிலும் கடினமானது சீஸ். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கடையில் கிடைக்கும் தாவரச் சீஸ்களில் பல தேங்காய் எண்ணெயும் மாவுச்சத்தும்தான், புரதம் அநேகமாக இருக்காது. ஊறவைத்த முந்திரி, நியூட்ரிஷனல் ஈஸ்ட் (சீஸ் ருசி தரும் உலர்ந்த ஈஸ்ட்), எலுமிச்சை, உப்பு சேர்த்து அரைத்தால் பாஸ்தாவுக்கு நல்ல சாஸ் கிடைக்கும். சீஸுக்கு அச்சு அசலான நகலைத் தேடாமல் ஓரிரு மாதம் அதை விட்டே இருந்து பாருங்கள். நாக்கு பழகிவிடும், அதன்பின் மாற்றுச் சீஸ்கூடச் சுவையாகத் தோன்றும்.

மூன்றாம் படி: பி12 மாத்திரையைத் தள்ளிப் போடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

வைட்டமின் பி12-ஐச் செடியும் தயாரிப்பதில்லை, விலங்கும் தயாரிப்பதில்லை. பாக்டீரியாக்கள்தான் தயாரிக்கின்றன. இறைச்சி, பால், முட்டை வழியாக அது நமக்கு வந்துகொண்டிருந்தது. அவற்றை நிறுத்தியதும் வரத்து நின்றுவிடுகிறது. ஆனால் கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் உடனே எதுவும் தெரியாது. சிலருக்கு வருடக்கணக்கில்கூடத் தெரியாது. இதுதான் ஆபத்து. எனக்கு இரண்டாவது வருடத்தின் கடைசியில் இரவில் படுத்தால் பாதங்களில் எறும்பு ஊர்வது போல இருந்தது. நாள் முழுக்க நின்றதால்தான் என்று நினைத்தேன். படிக்கட்டு ஏறும்போது மூச்சு வாங்கியபோதுதான் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். பி12 மிகவும் குறைந்திருந்தது. ஊசியும் மாத்திரையுமாகச் சில மாதங்களில் சரியானது. எல்லோரும் என்னைப் போலப் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை. நெடுநாள் விட்டால் நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடக்கூடும்.

இன்னொரு சிக்கல், கீரையிலும் பயறிலும் ஃபோலேட் சத்து நிறைய இருக்கிறது. அது பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும். ரத்தம் நன்றாக இருப்பதாகத் தெரியும், ஆனால் நரம்பு பாதித்துக்கொண்டே இருக்கும்.

இங்கிலாந்தின் வீகன் சங்கம் சொல்லும் அளவு எளிது. பி12 சேர்த்த உணவுகளிலிருந்து நாளுக்குக் குறைந்தது 3 மைக்ரோகிராம், அல்லது நாளுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது வாரத்துக்கு 2000 மைக்ரோகிராம் மாத்திரை. ஏன் இந்த எண்கள் இவ்வளவு தாறுமாறாக இருக்கின்றன என்று தோன்றலாம். நம் குடல் ஒரே வேளையில் மிகக் கொஞ்சம் பி12-ஐத்தான் முறையாக உறிஞ்சும், மிச்சத்தில் சிறு பங்கு மட்டும் தானாகக் கசிந்து உள்ளே போகும். அதனால் எவ்வளவு இடைவெளி விட்டுச் சாப்பிடுகிறோமோ அவ்வளவு பெரிய அளவு வேண்டும். ஸ்பைருலினாவில் இருக்கிறது, கடற்பாசியில் இருக்கிறது, கழுவாத காய்கறியில் இருக்கிறது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம்.

இரும்புச் சத்து தாவரத்தில் இருக்கிறது, ஆனால் இறைச்சியில் உள்ளதைப் போலச் சுலபமாக உடலில் சேராது. பருப்பு, கீரையோடு எலுமிச்சை, தக்காளி, குடைமிளகாய், கொய்யா என வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்றைச் சேர்த்தால் உறிஞ்சுவது நன்றாகக் கூடும். டீ, காபி அதற்கு நேர் எதிரி. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். பயறை ஊறவைப்பதும் முளைகட்டுவதும் உதவும்.

கால்சியம் பெரியவர்களுக்கு நாளுக்கு சுமார் 1000 மில்லிகிராம் வேண்டும். பசலைக்கீரையில் நிறைய இருப்பதாகப் பட்டியல்கள் சொல்லும், ஆனால் அதிலிருக்கும் ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஏறக்குறைய 5 சதவீதம்தான் உடலுக்குக் கிடைக்கிறது. ப்ரோக்கோலி, முட்டைக்கோஸ் குடும்பக் கீரைகள், எள், கால்சியம் உப்பால் உறையவைத்த டோஃபு, கால்சியம் சேர்த்த தாவரப் பால் இவற்றை நம்பலாம். தாவரப் பால் பெட்டியை ஊற்றும் முன் நன்றாகக் குலுக்குங்கள், சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும்.

அயோடினுக்கு அயோடின் கலந்த சாதாரண உப்பே போதும். அழகான இளஞ்சிவப்பு உப்புகளில் பெரும்பாலும் அது சேர்ப்பதில்லை. ஒமேகா 3-க்குத் தினம் ஒரு மேசைக்கரண்டி அரைத்த ஆளி விதையோ சியா விதையோ சில வால்நட்டோ. ஆளி விதையை முழுதாக விழுங்கினால் அப்படியே வெளியே வந்துவிடும். மீனில் இருக்கும் ஒமேகா 3 வகையான டி.ஹெச்.ஏ. வேண்டும் என்றால் நுண்பாசி எண்ணெய் கேப்ஸ்யூல் இருக்கிறது. மீனுக்கும் அந்தப் பாசியிலிருந்துதான் அது வருகிறது. வைட்டமின் டி3 மாத்திரை வாங்கும்போது மட்டும் கவனம். பெரும்பாலானவை செம்மறியாட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லேனோலினில் செய்தவை. மரத்தில் படரும் லைக்கனிலிருந்து எடுத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் என்றால் இந்தக் கட்டுரையோடு நிறுத்திக்கொள்ளாமல், விஷயம் தெரிந்த ஊட்டச்சத்து நிபுணரை நேரில் பார்த்துவிட்டே மாறுங்கள்.

நான்காம் படி: பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம்

முன்பக்கம் விளம்பரம்தான். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதுதான் உள்ளே இருப்பது. பால் என்று எழுதாமல் பால் இருக்கும்: கேசீன், கேசினேட், வே பவுடர், லாக்டோஸ். "பாலற்றது" என்று விற்கும் காபி க்ரீமர் சிலவற்றில்கூட சோடியம் கேசினேட் இருக்கும். ஜெல்லி மிட்டாயிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின், அது எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சியது. உணவில் சேர்க்கும் பொருள்களை ஈ (E) என்று தொடங்கும் எண்களாலும் குறிப்பார்கள். ஈ 120 என்றால் கார்மின், கொச்சினீல் என்ற பூச்சியை உலர்த்தி எடுக்கும் சிவப்பு. ஈ 901 தேன்மெழுகு. ஈ 904 அரக்கு, அரக்குப் பூச்சி சுரப்பது. பளபளக்கும் மிட்டாய்கள் மேல் பூசுவார்கள். ஈ 920 எல்-சிஸ்டீன், ரொட்டி மாவை மிருதுவாக்கச் சேர்ப்பது. பறவை இறகிலிருந்து எடுப்பதும் உண்டு, நொதிக்க வைத்துச் செய்வதும் உண்டு. ஒயினையும் பீரையும் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையைப் பயன்படுத்தும் முறை உண்டு, அது பெரும்பாலும் லேபிளில் வராது.

முதல் ஒரு மாதம் கடையில் நேரம் இரட்டிப்பாகும். அப்புறம் வழக்கமாக வாங்கும் நாற்பது ஐம்பது பொருள் மனப்பாடமாகிவிடும், புதிதாக வருவதை மட்டும் பார்த்தால் போதும். "பால் இருக்கக்கூடும்" என்ற வரியைப் பார்த்துப் பதற வேண்டாம். அது ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கை. அதே இயந்திரத்தில் பால் பொருளும் தயாராகிறது என்று அர்த்தம். மறுபக்கம், பாலால் ஒவ்வாமை வரும் ஒருவர் வீகன் முத்திரையை மட்டும் நம்பிச் சாப்பிடக் கூடாது.

மருந்துக்கு இந்த விதியைப் பொருத்தாதீர்கள். கேப்ஸ்யூலில் ஜெலட்டின் இருக்கும், மாத்திரையில் லாக்டோஸ் இருக்கும். மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள், இல்லையென்றால் மருந்தைத் தயங்காமல் சாப்பிடுங்கள். இயன்ற வரை என்ற சொல் இதற்காகத்தான் இருக்கிறது.

ஐந்தாம் படி: உடுப்பதும் அணிவதும்

உணவைவிடத் துணியில்தான் விலங்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. பருத்தி ஜீன்ஸ் ஒன்றை எடுத்து, பின்பக்க இடுப்புப் பட்டையைப் பாருங்கள். பெயர் பொறித்த பழுப்பு நிறப் பட்டை ஒன்று தைத்திருக்கும். பல ஜீன்ஸ்களில் அது நிஜத் தோல். கோட்டின் பொத்தான் கொம்பாகவோ சிப்பியாகவோ இருக்கும். தொப்பியின் ஃபெல்ட் கம்பளியாகவோ முயல் ரோமமாகவோ இருக்கும். முகத்துக்குப் பவுடர் போடும் பிரஷ் ஆட்டு ரோமமாகவோ அணில் ரோமமாகவோ இருக்கும்.

தோல் இறைச்சியின் உபரிதானே, வீணாகப் போவதைப் பயன்படுத்துகிறோம் என்று சொல்வார்கள். தோலும் விலை போவதால்தான் அந்த வியாபாரத்தின் லாபக் கணக்கு நிறைகிறது. தோலைப் பதப்படுத்துவது இன்னொரு கதை. உலகின் பெரும்பாலான தோல் குரோமியம் உப்பில் ஊறியே வருகிறது. கழிவுநீரைச் சரியாகச் சுத்திகரிக்காத இடங்களில் ஆறும் மண்ணும் அதற்கு விலை கொடுக்கின்றன, அங்கே வேலை செய்யும் மனிதர்களும்தான்.

கம்பளியில் உயிர் போவதில்லையே என்பார்கள். மெரினோ ஆடுகளை அதிக ரோமத்துக்காகச் சுருக்கச் சுருக்கமான தோலோடு இனவிருத்தி செய்திருக்கிறார்கள். அந்தச் சுருக்கங்களில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்காமல் இருக்க, வாலைச் சுற்றியுள்ள தோலைப் பட்டை பட்டையாக அறுத்தெடுப்பது மியூல்சிங். நியூசிலாந்து 2018-ல் இதைத் தடை செய்தது. மெரினோ கம்பளிக்குப் பேர்போன ஆஸ்திரேலியாவில் இது இன்னும் நடக்கிறது. பட்டில், கூட்டைப் பிளந்து அந்துப்பூச்சி வெளியே வந்தால் நூல் அறுந்துபோகும் என்பதால், கூட்டுப்புழு உள்ளே உயிரோடு இருக்கும்போதே ஆவியிலோ சுடுநீரிலோ கொல்கிறார்கள். பூச்சியை வெளியே விட்டபின் நூற்கும் அகிம்சைப் பட்டும் உண்டு. கொல்வது குறைகிறது. ஆனால் மனிதன் வளர்த்து வளர்த்துப் பறக்கும் திறனையே இழந்த பூச்சி அது. அதனால் நான் வாங்குவதில்லை. குளிர் ஜாக்கெட்டில் அடைக்கும் வாத்து இறகு, அங்கோரா முயல் ரோமம், ஃபர் இவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல மனம் வரவில்லை. ஃபர் உடை விற்பனைக்கு நாடு முழுக்கத் தடை விதித்த முதல் நாடு இஸ்ரேல், 2021-ல்.

மாற்று என்ன? துணிக்கு விடை பழையதுதான்: பருத்தி, லினன், சணல். பட்டின் வழவழப்பு வேண்டும் என்றால் மரக்கூழில் செய்யும் லயோசெல், மோடால். விஸ்கோஸும் மரக்கூழ்தான், ஆனால் அதன் தயாரிப்பில் கார்பன் டைசல்ஃபைடு என்ற நச்சு வேதிப்பொருள் சேர்வதால் எனக்கு லயோசெல் மேல். அதைத் தயாரிக்கும் கரைப்பானை அநேகமாக முழுவதும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். இறகுக்குப் பதில் இலவம்பஞ்சு. இலவு காத்த கிளியை ஏமாற்றிய அதே பஞ்சுதான். அதன் இழை உள்ளே வெற்றுக் குழாய் என்பதால் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எடையே இருக்காது. ஒரு காலத்தில் உயிர்காப்பு அங்கிகளில் அதைத்தான் அடைத்தார்கள்.

தோலுக்கு மாற்றில்தான் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். "வீகன் லெதர்" என்று விற்பதில் பெரும்பகுதி பிளாஸ்டிக். அதில் பி.வி.சி. என்ற வகை மோசமானது, பி.யு. என்ற பாலியூரித்தேன் அதைவிடப் பரவாயில்லை. அன்னாசி இலை நாரில் கார்மென் ஹிஜோசா உருவாக்கிய பின்யாடெக்ஸ், மெக்சிகோவைச் சேர்ந்தவர்கள் 2019-ல் அறிமுகப்படுத்திய கள்ளித் தோலான டெசர்ட்டோ, ஆப்பிள் சக்கைத் தோல் எல்லாம் நல்ல முயற்சிகள்தான். ஆனால் நீர் புகாமல் இருக்கவும் பிடிமானத்துக்கும் இவற்றிலும் பிளாஸ்டிக் பிசின் ஓரளவு சேர்கிறது. வாங்கும் முன் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். எனக்குப் பிடித்தது கார்க். கார்க் ஓக் மரத்தை வெட்டாமல், பட்டையை மட்டும் ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை உரித்தெடுப்பார்கள். அது மீண்டும் வளர்ந்துவிடும். பர்ஸ், பெல்ட், பைக்கு நன்றாக உழைக்கும். தினம் போடும் ஷூவுக்குக் கெட்டியான கித்தான் துணியும் ரப்பர் அடிப்பாகமும் போதும். பிளாஸ்டிக் தோல் ஒன்று வாங்கினாலும் அதை ஐந்து வருடம் உழைக்க வைத்தால், வருடம் ஒன்றாக வாங்கி எறிவதைவிட எவ்வளவோ மேல். அக்ரிலிக் ஸ்வெட்டருக்கும் இதே கணக்கு. ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் அது நுண்ணிழைகளை உதிர்க்கிறது, அவை மீன் வயிற்றுக்குப் போகின்றன. அதனால் குறைவாகத் துவையுங்கள், குறைவாக வாங்குங்கள்.

நிஜத் தோலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஐரோப்பிய விதிப்படி விற்கும் ஷூவில் ஒரு சிறு ஸ்டிக்கர் இருக்கும். மேற்பாகம், உள்பாகம், அடிப்பாகம் மூன்றுக்கும் தனித்தனிக் குறி. விரித்த தோல் வடிவம் என்றால் தோல், பின்னல் கட்டம் என்றால் துணி, சாய்சதுரம் என்றால் மற்றவை. ஸ்டிக்கர் இல்லையென்றால் வெட்டு விளிம்பைப் பாருங்கள். தோலின் விளிம்பில் ஒழுங்கற்ற நார் பிசிறு தெரியும். செயற்கை என்றால் மேலே மெல்லிய படலமும் அடியில் துணியும் தனித்தனி அடுக்காகத் தெரியும். ஒட்டும் பசை மட்டும் கண்ணுக்குத் தெரியாது. அதில் விலங்குப் பொருள் இருக்கிறதா என்று நிறுவனத்திடம்தான் எழுதிக் கேட்க வேண்டும்.

ஆறாம் படி: குளியலறை

இங்கே இரண்டு சொற்கள் குழப்பும். வதையற்றது என்றால் விலங்குகள்மேல் சோதிக்கவில்லை என்று அர்த்தம். வீகன் என்றால் விலங்குப் பொருள் சேரவில்லை என்று அர்த்தம். ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்பதில்லை. சோதனை செய்யாத லிப்ஸ்டிக்கில் கொச்சினீல் பூச்சியின் சிவப்பும் தேன்மெழுகும் இருக்கலாம். லேபிளில் சி.ஐ. 75470 என்று தெரிந்தால் அதுதான் அந்தப் பூச்சி. விலங்குப் பொருளே இல்லாத ஷாம்புவின் மூலப்பொருளை முயலின் கண்ணில் விட்டுச் சோதித்திருக்கலாம். அந்தக் கண் சோதனை 1944-ல் வந்தது. வீகன் என்ற சொல் பிறந்த அதே வருடம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச் மாதத்திலிருந்து, விலங்குகள்மேல் சோதித்த அழகுசாதனங்களின் விற்பனையை முற்றிலும் தடை செய்தது. இந்தியாவில் இந்தச் சோதனைகளுக்குத் தடை 2014-ல் வந்தது. ஆனாலும் "எங்கள் பொருளைச் சோதிக்கவில்லை" என்ற வரியை மட்டும் நம்ப முடியாது. மூலப்பொருள் விற்றவர் சோதித்திருக்கலாம். தாவும் முயல் முத்திரையான லீப்பிங் பன்னி இருந்தால், மூலப்பொருள் வரை கண்காணிப்பும் வெளியார் தணிக்கையும் உண்டு. சும்மா வரைந்த முயல் படங்களும் நிறைய உலவுகின்றன, உண்மையான முத்திரையின் வடிவத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விலங்குப் பொருள் இல்லை என்பதற்கு வீகன் சங்கத்தின் சூரியகாந்தி முத்திரை உண்டு. இரண்டும் சேர்ந்திருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

ஏழாம் படி: வீட்டில் இருக்கும் பழைய தோலும், வீட்டில் இருக்கும் மனிதர்களும்

ஏற்கெனவே வாங்கிய தோல் பை, கம்பளிச் சட்டை, பட்டு இவற்றை என்ன செய்வது? கிழியும்வரை பயன்படுத்தலாம், குளிரில் நடுங்கும் யாருக்காவது கொடுக்கலாம். தொடவே மனம் ஒப்பவில்லை என்றால் கொடுத்துவிடுவதுதான் நல்லது. எனக்கு முதல் வருடம் எந்த உறுத்தலும் இல்லை. இரண்டாம் வருடம் தோல் பெல்ட்டைக் கையில் எடுக்கவே கூசியது, கொடுத்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் அந்த நாள் ஒவ்வொரு நேரத்தில் வரும்.

உறவினர் வீட்டு விருந்துக்குப் போகும்போது முந்தின நாளே போன் செய்து சொல்லுங்கள், ஒரு பெரிய பாத்திரம் நிறைய நீங்களே சமைத்து எடுத்துக்கொண்டு போங்கள். உங்களுக்கு மட்டும் என்று சின்ன டப்பாவில் கொண்டுபோகாதீர்கள், எல்லோருக்கும் வரும்படி கொண்டுபோங்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் பண்ணைக் கொடுமைகளைச் சொன்னால் அவர் கேட்டதில்லை. "இது எப்படிச் செய்தாய்?" என்று அவரே கேட்டால், அப்போது சொல்லுங்கள். தெரியாமல் ஒரு நாள் பால் கலந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டால் அன்றோடு எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பாக்கெட்டில் எந்தச் சொல்லைத் தவறவிட்டோம் என்று பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படி இருபத்திமூன்று சொற்கள் இருக்கின்றன. கடைசியாக எழுதியது வே பவுடர், உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டில் பார்த்தது.